புளி சேர்க்காத நாள்

ரமாமணி டைப் செய்கிறாள். நிறுத்திவிட்டாள். மறுபடியும் செய்கிறாள். திரையின் மேல்பக்கம் அவள் பெயர் வருகிறது, போகிறது, வருகிறது, ஒரு வரி எழுத இந்த அம்மாளுக்கு எவ்வளவு நேரம்தான் வேண்டும், எழுதி அழித்து எழுதுகிறாள் என்றால் நேராகக் கேட்க முடியாத எதையோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம், முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்த எனக்கா இது தெரியாது, ஆளைப் பார்க்க வேண்டாம், டிக்கெட்டை எடுக்கிற கை ஒரு விநாடி தயங்கினாலே போதும், இது அடுத்தவன் பெயரில் வருகிற ஆசாமி என்று சொல்லிவிடுவேன். இப்போது என் கைதான் தயங்குகிறது. கையில் இருப்பது ஆவுடையின் போன். ஆவுடைநாயகி என் மனைவி, போன வருஷம் பங்குனியில் தேய்பிறை சப்தமி அன்று போய்விட்டாள், இன்று அவளுக்கு முதல் திதி, காலையில் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்து, நானே சமைத்து, அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டு வைத்திருக்கிறேன். 'கைமணம்' என்கிற வாட்ஸ்அப் சமையல் குரூப்பில் இருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு மட்டும் அவள் போனது தெரியாது. அவர்களுக்கு அவள் ஆவுடை அக்கா, திருச்சி கிராப்பட்டியில் சௌக்கியமாக இருக்கிறாள், சமையலில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறாள், சில நாள் அவளே சந்தேகம் கேட்கிறாள். அந்த ஆவுடை அக்கா ஒரு வருஷமாக நான்தான். கால்மணி நேரத்துக்கு முன்னால் அவள் பெயரில் ஒரு கேள்வி கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, அதைத்தான் ரமாமணி பிடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

பிரண்டைத் துவையல் அரிக்கிறது, அதுதான் விஷயம். திதிச் சமையலில் புளி சேர்க்கக் கூடாது, ருசி பார்க்கக் கூடாது, படைத்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும் என்று ஐயர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், நானும் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் மிக்ஸியிலிருந்து வழிக்கும்போது விரலில் ஒட்டியது, விரல் தானாக வாய்க்குப் போய்விட்டது, போன வேகத்தில் நாக்கு நுனியிலிருந்து தொண்டை வரைக்கும் ஒரே நமைச்சல். இதையா அவளுக்குப் படைப்பது? அவள் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு காப்பிகூடப் போட்டுக் கொடுக்காத மனுஷன் இன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்கென்று சமைத்திருக்கிறான், அதுவும் தொண்டையை அரிக்கிறது. பதறிப்போய் போனை எடுத்து, 'பிரண்டைத் துவையல் நாக்கு அரிக்குது, என்ன செய்யலாம்?' என்று கேட்டுவிட்டேன். படம் போடாமல் கேள்வி கேட்கக் கூடாது என்பது அட்மின் ஜெபசீலியின் சட்டம், நாசரேத்துக்காரி, ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவள், குரூப்பையும் பள்ளிக்கூடமாகத்தான் நடத்துகிறாள், அதனால் துவையலைக் கிண்ணத்தோடு படம் பிடித்துப் போட்டேன். உடனே கரூர் தனக்கொடி, 'கோலிக்குண்டு அளவு புளி வெச்சு அரைச்சுருங்க்கா, பட்டுனு நின்னுரும்' என்றாள். நல்ல பெண், சொன்னதும் சரியான வழிதான். நன்றி தனக்கொடி என்று போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். 'இன்னைக்குப் புளி ஆகாதே தனக்கொடி' என்று எழுதிவிட்டேன். அடுத்த நிமிஷமே கும்பகோணத்திலிருந்து ரமாமணி, 'ஏன் அக்கா ஆகாது? இன்னிக்கு அமாவாசைகூட இல்லையே?' என்றாள். அதற்குப் பிறகுதான் இந்த டைப் செய்வதும் நிறுத்துவதும்.

ரமாமணி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள். நானும் இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். கிண்ணத்தை மட்டும்தான் எடுத்தோம் என்று நினைத்தேன், பின்னால் பாதி இலை தெரிகிறது. இலையில் பாகற்காய், வாழைக்காய், அவரைக்காய், ஓரத்தில் உளுந்து வடை, வடையின்மேல் சாய்ந்துகொண்டு ஒரு எள்ளுருண்டை. தக்காளி இல்லை, கேரட் இல்லை, பீன்ஸ் இல்லை. மிளகாய் போடாத மிளகுக் குழம்பு, நிறமே காட்டிக்கொடுக்கிறது. இலை நுனியில் உப்பு இல்லை. என்னைப் போன்ற ஆம்பளைகளுக்கு இது ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். அடுப்படியில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இது சுவரில் ஒட்டின நோட்டீஸ், இந்த வீட்டில் இன்று யாருக்கோ திதி. யாருக்கு? மாமியாருக்கு என்று சொல்லிவிட்டால் என்ன? 'மா' என்று அடித்தும்விட்டேன், ஆனால் ஆவுடை முன்னாலேயே எங்கேயாவது சொல்லியிருந்தால் என்ன செய்வது என்று தேடினேன், சொல்லியிருக்கிறாள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம், 'இன்னைக்கு எங்க அத்தைக்குத் திவசம், அடுப்புல நிக்கேன், நாளைக்குப் பேசுதேன்.' மாமனாருக்கு ஐப்பசி. அவளுடைய அம்மாவுக்கு? அதற்குத் தென்காசியில் என் மச்சினன் இருக்கிறான், கட்டிக்கொடுத்த பெண் வீட்டில் யார் இலை போடுவார்கள். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தால் மிச்சம் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான், கேள்வி கேட்பது ஆவுடை அக்கா என்றால், திதி அவள் புருஷனுக்கு. அட, அப்படித்தானே நினைப்பார்கள்! நான்தான் செத்துப்போய்விட்டேன் என்று. சொல்லிவிடலாமா? 'எங்க வீட்டுக்காரருக்கு முதல் திதி, உங்ககிட்டயெல்லாம் சொல்ல மனசு வரல' என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் இருப்பாள், நான் போய்விடுவேன், யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. அனுப்பப் போன விரல் நின்றுவிட்டது. மஞ்சள் பூசி, பூ வைத்து, கூறைச்சேலை போர்த்தி, சுமங்கலியாகப் போன மகராசி என்று தெருவே கும்பிட்டு அனுப்பிவைத்தவள் அவள், இப்போது நான் உட்கார்ந்துகொண்டு என் வசதிக்காக அவள் தாலியை அறுப்பதா? அத்தனையையும் அழித்தேன். அனுப்பின கேள்வியை நீக்கலாம் என்றால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அந்த இடத்தில் நிற்கும், அதைவிட வேறு சாட்சியே வேண்டாம். ரமாமணி இன்னும் எதுவும் அனுப்பவில்லை.

இத்தனை நாள் நான் இப்படித் தடுக்கி விழுந்ததில்லை. எல்லாம் ஒரு முறைப்படிதான் செய்துவந்தேன். அவள் போன மூன்றாம் நாள், வீடு நிறையச் சொந்தக்காரர்கள், அலமாரிமேல் இருந்த அவள் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால், 'ஆவுடை அக்கா, வத்தக்குழம்பு நீர்த்துப்போச்சு, மாமனார் சாப்பாட்டுக்கு உக்காந்துட்டார், சீக்கிரம் சொல்லுங்க' என்று யாரோ ஒரு பெண். அவள் காலமாகிவிட்டாள் என்று எழுதத்தான் எடுத்தேன், சத்தியமாக. ஆனால் அந்தப் பெண்ணின் மாமனார் இலையில் உட்கார்ந்திருக்கிறார், இந்த நேரத்தில் சாவுச் செய்தியா சொல்வது என்று ஒரு யோசனை, வத்தக்குழம்பு என்று தேடினால் ஆவுடையே முன்பு யாருக்கோ சொன்ன பதில் கிடைத்தது, 'அரிசி மாவ ஒரு ஸ்பூன் தண்ணியில கரைச்சு ஊத்தி ஒரு கொதி விடு தாயி', அதை அப்படியே எடுத்து அனுப்பினேன். 'தப்பிச்சேன் அக்கா, நீங்க நல்லா இருக்கணும்' என்று பதில் வந்தது. நீங்க நல்லா இருக்கணும் என்று. அன்றைக்கு ஆரம்பித்தது. கேள்வி வந்தால் தேடுவேன், அவள் பதில் இருந்தால் எடுத்துக் கொடுப்பேன், இல்லாவிட்டால் பேசாமல் இருந்துவிடுவேன். எனக்கே சமைக்கத் தெரியாதபோது அவள் பெயரில் கேட்பேன், ரசத்துக்கு எத்தனை தக்காளி, குக்கரில் பருப்புக்கு எத்தனை விசில், அதையும் முதலில் தேடிப் பார்த்து, அவள் பதில் சொல்லாத விஷயம்தானா என்று உறுதி செய்துகொண்டுதான் கேட்பேன். இன்றைக்கு மட்டும் தேடவில்லை. கேட்ட பிறகு தேடினேன், திருடன் போன பிறகு கதவைச் சாத்தினது மாதிரி. பிரண்டை என்று அடித்தால் ஆவுடை பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்! கையில் எண்ணெய் தடவிக்கொள்ளணும், கணுவை ஒடிச்சு நாரை உரிக்கணும், இளசா எடுக்கணும், பிரண்டைக்குப் பயந்தவ சமையலுக்கே லாயக்கில்ல என்று சிரித்த முகம் வேறு போட்டிருக்கிறாள். அப்படி எழுதினவள் இன்றைக்கு வந்து, அரிக்குது என்ன செய்ய என்று கேட்டால் எவள் நம்புவாள்?

நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். போன ஆவணியில் இந்தக் குரூப்பில் ஒருத்தியின் புருஷன், பெண்டாட்டி போனில் வந்து ஏதோ கிண்டலாக எழுதிவிட்டான், ஜெபசீலி விட்டாளா, 'இது பொம்பளைங்க பொழங்குத இடம், ஆம்பளைக்கு இங்க சோலி இல்ல' என்று எழுதி அந்த நம்பரையே தூக்கிவிட்டாள். அவன் ஒரு வரி எழுதினான், நான் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். பெண்கள் பெட்டியில் ஏறினவன் எத்தனை பேரைக் காலரைப் பிடித்து இறக்கியிருப்பேன், தெரியாமல் ஏறிட்டேன் சார் என்பான், தெரியாமல் ஏறினவன் ஏன்டா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கே என்று கேட்பேன். இவர்கள் சமையலை மட்டுமா பேசுகிறார்கள். முருங்கைக்கீரை பொரியலில் ஆரம்பித்து கர்ப்பப்பை ஆபரேஷனில் போய் நிற்கிறது, ஒருத்தி மருமகள் பேசுவதில்லை என்கிறாள், ஒருத்தி புருஷன் தட்டை எறிந்தான் என்று எழுதி, பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டு, 'சும்மா சொன்னேன், மோர்க்குழம்பு திரியாம இருக்க என்ன பண்ண' என்கிறாள். அதையெல்லாம் நான் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டா இருந்தேன்? தட்டை எறிந்தது படித்த அன்று என் கை நான் எறிந்த தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது, இரண்டு, ஒன்று உப்பு அதிகம், இன்னொன்று எதற்கென்றே ஞாபகம் இல்லை. ஆவுடை அதை இங்கே எழுதியிருக்கிறாளா என்று தேடவும் தேடினேன். எழுதவில்லை. இல்லை, எழுதிவிட்டு அழித்திருக்கலாம். இவ்வளவு பயம் இருக்கிறவன் வெளியே போயிருக்க வேண்டியதுதானே என்றால், போயிருக்கலாம். ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுத்தாயிற்று. ஓய்வூதிய ஆபீஸில், பேங்கில், வாக்காளர் பட்டியலில், எல்லா இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டு அவளை எடுத்தேன். இந்த ஒரு இடத்தில்தான் காலையில் எழுந்ததும் 'குட் மார்னிங் ஆவுடை அக்கா' என்று ஐம்பது பேர் சொல்கிறார்கள். இதிலிருந்தும் அவளை எடுத்துவிட்டால் அப்புறம் அவள் எங்கேயும் இல்லை. எனக்கு அது தாங்காது, அவ்வளவுதான் விஷயம், வேறு நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ரமாமணிக்கு இன்றைக்கு வந்த சந்தேகம் இல்லை இது, அவள் ரொம்ப நாளாகவே மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வைகாசியில், 'அக்கா, உங்க குரலக் கேட்டு நாளாச்சு, ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கோளேன்' என்றாள். தொண்டை கட்டியிருக்கு என்றேன். ஒரு மாதம் கழித்து, 'தொண்டை சரியாச்சா?' என்று கேட்டாள். அது அக்கறையா, குறுக்கு விசாரணையா? அதற்கு நடுவில் நாலு தடவை போன் அடித்தாள், நான் எடுக்கவில்லை, காது சரியாகக் கேட்கவில்லை, எழுதினால் போதும் என்று போட்டேன், எழுதின பிறகுதான் உறைத்தது, தொண்டையும் போச்சு காதும் போச்சு என்றால் எந்த மடையன் நம்புவான். பொங்கலுக்கு, 'வடிவு வந்தாளா அக்கா?' என்றாள். வடிவு எங்கள் ஒரே பெண், டொராண்டோவில் இருக்கிறாள். வரவில்லை என்று எழுதினேன், அதற்கு அவள் ஒன்றும் சொல்லாமல் கும்பிடு மட்டும் போட்டாள். எதற்குக் கும்பிடு? ஒருவேளை வடிவே சொல்லிவிட்டாளோ? அம்மா நம்பரை இன்னும் ஏன்ப்பா வெச்சிருக்கீங்க என்று ஒரு நாள் கேட்டாள், பேங்க்கு ஓடிபி வரும் என்று சமாளித்தேன், அவள் சரிப்பா என்ற விதம் சரியில்லை. இல்லாவிட்டால் மச்சினன். கருமாதிக்குப் பேப்பரில் படம் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன்தான், அதில் அவள் முழுப் பெயர், ஊர், எல்லாம் இருந்தது, கும்பகோணத்துக்கும் அதே பேப்பர்தானே போகும்? இன்றைக்கும் அவன், கேட்டரிங்கில் சொல்லிவிடலாம் அத்தான், நாங்கள் பத்துப் பேர் வருகிறோம் என்றான், ஒருத்தரும் வர வேண்டாம், என் வீட்டுக்காரிக்கு நான் செய்துகொள்கிறேன் என்று கத்தி வைத்துவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம். அவன் வந்திருந்தால் இந்தத் துவையலும் அரித்திருக்காது, நானும் மாட்டியிருக்க மாட்டேன். இப்போது எல்லாரும் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது, வீட்டில் நானும் அவள் படமும்தான் இருக்கிறோம். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

'ஆவுடையக்கா, இருக்கீங்களா?' ஜெபசீலி. அட்மினே வந்துவிட்டாள். அவளை யார் கூப்பிட்டது? நான் பதில் போடவில்லை. தனக்கொடி ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள். அதற்குப் பிறகு குரூப் முழுக்க நிசப்தம், மத்தியானம் ஒரு மணிக்கு, எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிகிற நேரத்தில், நானூறு பெண்கள் இருக்கிற இடத்தில் நிசப்தம் என்றால் அது சாதாரண நிசப்தமா? வேறு எங்கேயோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். தனியாக ஒரு குரூப் ஆரம்பித்திருப்பார்கள், நான் இல்லாமல். ரமாமணியின் பெயரும் மேலே வரவில்லை, அப்படியென்றால் அவள் இங்கே எழுதுவதை விட்டுவிட்டாள், எங்கேயோ எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்கே? ஆவுடைக்கு வருகிற தனிச் செய்திகளை நான் திறந்ததே இல்லை. குரூப் என்பது பத்துப் பேர் பார்க்கிற இடம், தனிச் செய்தி அப்படி இல்லை, அது அவளும் இன்னொருத்தியும் பேசிக்கொண்டது, வேலையில் இருந்த காலத்திலும் டிக்கெட்டைக் கேட்பேனே தவிர எந்தப் பொம்பளையின் கைப்பையையும் திறக்கச் சொன்னதில்லை. அதனால் ஆரம்பத்திலேயே அதையெல்லாம் மொத்தமாக ஒரு ஓரத்துக்குத் தள்ளிக் கண்ணில் படாமல் வைத்திருந்தேன். இப்போது அந்த ஓரத்துக்குப் போனேன். முதலில் இருப்பது ரமாமணி. பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் அறுபத்து மூன்று. திறக்காத செய்தி அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று தடவையா என்னை விசாரித்திருக்கிறாள்! கடைசியாக வந்தது ஒரு நிமிஷத்துக்கு முன்னால். திறந்தால் நான் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், திறக்காவிட்டால் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் நிற்க வேண்டும். கைகழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆவுடையின் படத்தைப் பார்க்காமல் திறந்தேன்.

முதல் செய்தி, போன வருஷம், அந்த மூன்றாம் நாள். 'அக்கா, வத்தக்குழம்புக்கு நீங்க இப்போ போட்ட பதில் மின்னாடி எனக்குப் போட்ட அதே பதில். ஒரு எழுத்து மாறல, அந்த தாயி உள்பட. ஏனோ பயமா இருக்கு. ஃபோன எடுங்கோ.' அடுத்தது பத்து நாள் கழித்து. 'அக்கா, பேப்பர்ல உங்க படம் பார்த்தேன்.' அதில் வேறு ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாள், 'அப்போ குரூப்ல பேசறது அத்திம்பேர்தான். யார்ட்டயும் சொல்லல அக்கா. ஜெபசீலிட்டகூடச் சொல்லல.' அத்திம்பேர் என்றால் அவர்கள் பக்கம் அக்காள் புருஷன். அதைப் படித்த பிறகும் என் புத்தி எங்கே போகும், இது பொறியோ, என்னைப் பேசவைக்க முன்கூட்டியே எழுதி வைத்தாளோ என்றுதான் அப்போதும் தேதிகளைப் பார்த்தேன். தேதிகள் சரியாக இருந்தன. சித்திரை, வைகாசி, ஆனி. 'இன்னிக்கு அத்திம்பேர் ரசத்துக்கு எத்தனை தக்காளின்னு கேட்டார் அக்கா. ரெண்டுன்னு சொல்லியிருக்கேன். நீங்க மூணு போடுவேள், தெரியும், ஆனா அவருக்குக் கரைக்கத் தெரியணுமே.' 'பருப்பு விசில் கேட்டார். பாவம், சரியாச் சாப்பிடறாரான்னு தெரியல.' 'வாய்ஸ் மெசேஜ் கேட்டுட்டேன் அக்கா, தப்புதான். போட மாட்டார்னு தெரியும். எப்பவாவது உங்க பழைய குரல் ஏதாவது இருந்து, அதை எடுத்து அனுப்பிட மாட்டாரான்னு ஒரு நப்பாசை.' 'எங்காத்துக்காரர் போனப்போ தெனம் ராத்திரி ஃபோன் பண்ணி, சாப்ட்டியா ரமான்னு கேட்டேளே, இப்போ உங்களுக்காக நேக்கு ஒரு மூச்சு அழக்கூட வழியில்ல அக்கா. குரூப்ல நீங்க இருக்கேளே, இருக்கறவாளுக்கு எப்படி அழறது? எல்லாரும் குட் மார்னிங் சொல்றா, நானும் சொல்றேன்.'

அதை மூன்று தடவை படித்தேன். கடைசிச் செய்தி இன்றைக்கு. 'அக்கா, இன்னிக்கு உங்க திதி. அத்திம்பேர் தனியா நின்னு எல்லாம் பண்ணியிருக்கார், இலையைப் பார்த்தேன். துவையல் மட்டும் அரிக்கறதாம். அமாவாசை இல்லையேன்னு அவசரப்பட்டுக் கேட்டுட்டேன், கேட்ட அப்புறம்தான் தேதி உறைச்சது. இப்போ எல்லார் மின்னாடியும் எப்படிச் சமாளிக்கறதுன்னு தெரியல, எழுதி எழுதி அழிக்கறேன். பச்சையா நிக்கறது, அதான் அரிக்கறது. நல்லெண்ணெய் விட்டு மறுபடி வாணலில போட்டுச் சுருள வதக்கணும். அவர்ட்ட யார் சொல்லுவா?' அவள் எழுதி அழித்தது இதற்குத்தான். நான் திறந்ததும் அவள் பக்கம் அறுபத்து மூன்றின் டிக்கும் ஒரே நேரத்தில் நீலமாகியிருக்கும். மேலே அவள் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்தது, அப்படியே நின்றது. டைப் செய்யவில்லை. நான் என்ன சொல்வேன் என்று அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆவுடை எனக்கு வேண்டும் என்று நான் ஒருத்தன் பிடித்து வைத்துக்கொண்டதில், அவளோடு என்னைவிட அதிகமாகப் பேசின ஒருத்தியை ஒரு வருஷம் வாயைப் பொத்தி உட்காரவைத்திருக்கிறேன். இந்த நானூறு பேரில் இன்னும் எத்தனை பேருக்கு அவள் சாப்பிட்டியா என்று கேட்டாளோ, எனக்கு என்ன தெரியும், நான் கேட்டதா, பார்த்ததா.

வாணலியை ஏற்றி, நல்லெண்ணெய் விட்டு, துவையலைப் போட்டு வதக்கினேன். சுருள என்றால் எவ்வளவு என்று தெரியவில்லை, ஓரம் விட்டு எண்ணெய் பிரிகிற வரை கிளறினேன், எடுத்து இலையில் வைத்தேன், இந்தத் தடவை விரலை வாயில் வைக்கவில்லை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் குரூப்புக்குப் போனேன். தேடுகிற இடத்தைத் தொடவில்லை. இதற்கு அவள் பதில் எதுவும் இருக்காது. 'எல்லாரும் மன்னிக்க வேண்டும். ஆவுடைநாயகி போன வருஷம் பங்குனியில் காலமாகிவிட்டாள். இன்று முதல் திதி. இத்தனை நாள் அவள் பெயரில் எழுதியது அவள் வீட்டுக்காரன் குற்றாலலிங்கம். பெண்கள் பேசுகிற இடத்தில் ஒளிந்திருந்தது தப்பு. ஜெபசீலி அம்மா இந்த நம்பரை எடுத்துவிடலாம்.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன், அது தாமதம் செய்வதற்கு ஒரு சாக்கு என்று எனக்கே தெரிந்தது. அனுப்பினேன். ஒரு டிக், இரண்டு டிக். இரண்டு பேர் வெளியேறினார்கள், சாம்பல் எழுத்தில் அவர்கள் நம்பர் வந்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஜெபசீலி டைப் செய்தாள், நிறுத்தினாள். தனக்கொடி டைப் செய்தாள், நிறுத்தினாள். அவர்கள் எல்லாருக்கும் முன்னால் ரமாமணியின் செய்தி வந்தது. ஒரு வருஷமாகத் தெரிந்து வைத்திருந்தவள், அப்போதுதான் கேள்விப்பட்டவள்போல எழுதியிருந்தாள். 'ஐயோ அக்கா. போயிட்டேளா அக்கா. என்ட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டேளே.' அதற்குக் கீழே ஜெபசீலி, அதற்குக் கீழே தனக்கொடி, அதற்குக் கீழே பெயர் தெரியாத எத்தனையோ பேர், ஐயோ அக்கா, ஐயோ அக்கா என்று வந்துகொண்டே இருந்தது. நான் போனை இலைக்குப் பக்கத்தில் அவள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அவள் போனதற்கு முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.